தலைமையாசிரியர் பாஸான கதை

பள்ளித் தாளாளரின் மகள் கணக்கில் முப்பத்தொன்றுதான் வாங்கியிருந்தாள். தேற முப்பத்தைந்து வேண்டும். நாலு மதிப்பெண்தானே, போட்டுத் தள்ளிவிடலாம் என்று தலைமையாசிரியர் நினைத்தார். ஆனால் கணக்கு டீச்சர் அவருடைய மனைவி. வீட்டிலேயே எடுபடாத அதிகாரம் ஆசிரியர் அறையில் எடுபடுமா?

"மார்க் போடறது என் வேலை. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்," என்றார் டீச்சர், தலையை நிமிர்த்தாமல்.

"கேள்வித்தாள் அவ்வளவு கஷ்டம்மா! நானே எழுதினாலும் திணறுவேன்."

"எழுதித்தான் பாருங்களேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், ரோஷத்தில் அன்று மதியமே உட்கார்ந்து எழுதினார். டீச்சர் திருத்தி இருபத்தொன்பது போட்டார். ஆசிரியர் அறையே குலுங்கிச் சிரித்தது.

"திங்கக்கிழமை மறுதேர்வு. ரெண்டு பேரும் வந்துடுங்க."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் அவரும் தாளாளரின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பின்னங்களோடு மல்லுக்கட்டினார்கள்.

"சார், வகுக்கிற பின்னத்தைத் திருப்பிப் போட்டுப் பெருக்கணும்! எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுதேர்வில் அவளுக்கு நாற்பத்தெட்டு. அவருக்கு முப்பத்தைந்து.

"கருணை மார்க் ஏதாவது..." என்று பயந்துகொண்டே மனைவியிடம் கேட்டார்.

"அரை மார்க்கூட இல்ல. அத்தனையும் உங்க சொந்தச் சம்பாத்தியம்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. விடைத்தாளைக் கொடிபோல உயர்த்திப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார். பின்னால் தாளாளரின் மகள் கூவிக்கொண்டே ஓட, அவளுக்குப் பின்னால் வகுப்பே ஓடியது.