சகலையின் வெப்சைட்

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எது பழுதானாலும் பிரித்து மாட்டிவிடும் அந்த மெக்கானிக்குக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. மனைவியின் தங்கையைக் கட்டியவன், அதே தொழில், நான்கு வயது இளையவன், இன்னும் ஒரு முடி கொட்டவில்லை. போதாக்குறைக்கு வெப்சைட் வேறு.

வெப்சைட் இவருக்கும் இருந்தது. மாப்பிள்ளை செய்து கொடுத்தது. ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று மட்டும்தான் அதில் இருக்கும். வாஷிங் மெஷினும் பார்ப்பேன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் மாப்பிள்ளைதான் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கோடு எழுத வேண்டும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய், "என்ன மாப்பிள்ளை, அந்த வரி என்னாச்சு?" என்று அதட்டவா முடியும்? எட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சகலையோ நேற்று செய்த வேலையை இன்று படமாகப் போடுகிறான். தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்து வயிறெரிந்த பிறகுதான் இவருக்குக் காபியே இறங்கும்.

அப்போதுதான் அந்த வாய்ப்பு வந்தது. ஃபிரிட்ஜ் பார்க்கப் போன ஒரு ஹாஸ்டலில் மேலாளர் சொன்னார்: "பன்னிரண்டு வாஷிங் மெஷின் இருக்கு, வருஷம் முழுக்கப் பாத்துக்க ஆள் வேணும். முடிவு எங்க ஹெட் ஆபீஸ்லதான் எடுப்பாங்க. உங்க வெப்சைட் லிங்கை அவங்களுக்கு மெயில் பண்ணுங்க. பிடிச்சிருந்தா வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாங்க."

"தங்கச்சி வீட்டுக்காரர் வெப்சைட் பண்ண ஏதோ சாஃப்ட்வேர் வச்சிருக்காராம்ங்க. கோடும் வேணாம் கீடும் வேணாமாம். கேட்டா சொல்லித் தர மாட்டாரா?" என்றாள் விஷயத்தைக் கேட்ட மனைவி.

"அவன்கிட்டயா? நான் தொழிலையே விட்டுட்டுப் போறேன்."

அவள் காதில் வாங்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் சகலை தன் பக்கத்தையே ஒரு நகல் எடுத்து அனுப்பிவிட்டான். "அண்ணே, பேரையும் படத்தையும் மட்டும் மாத்திக்குங்க, போதும்" என்று ஒரு செய்தியும் வந்தது.

வியாழக்கிழமை மதியம் மெக்கானிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கட்டத்தைத் தொட்டுத் தட்டினால் எழுத்து வந்தது. படத்தைப் பிடித்து இழுத்தால் கூடவே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஸ்க்ரூ கழற்றுவதைவிடச் சுலபம். இதற்காகவா எட்டு மாதம் காத்துக் கிடந்தோம் என்று கோபம் வந்தது. பிறகு வரிவரியாகச் சகலையை மிஞ்சினார். அவன் பதினைந்து வருட அனுபவம் என்றிருந்தான். இவர் இருபத்திரண்டு ஆக்கினார். அவன் நான்கு படம், இவர் ஒன்பது. அவன் ஆறு மாத உத்தரவாதம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வருடம் என்று போட்டு, லிங்கை அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது. மாலையில் சகலைதான் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த ஹாஸ்டல் ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. பக்கத்துக்கு அடியில என் நம்பரை மாத்தாம விட்டுட்டீங்க."

மிஞ்ச முடிந்ததையெல்லாம் தேடித் தேடி மாற்றியவருக்கு, மிஞ்ச முடியாத அந்த நம்பர் கண்ணிலேயே படவில்லை. போச்சு, பன்னிரண்டு மெஷினையும் வாரிக்கொண்டான். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"அவரு என் அண்ணன்தான், வேலைன்னா அவர்தான்னு சொல்லிப் பேசி முடிச்சிட்டேன். திங்கக்கிழமை உங்களை வரச் சொல்றாங்க" என்று சிரித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பினான்.

"பாத்தீங்களா, என்ன மனுஷன்!" என்று உருகினாள் மனைவி.

அவன் அதைத் தட்டிப் பறித்திருந்தால் மெக்கானிக் ஆயுசுக்கும் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். முடி, வயது, வெப்சைட் எல்லாவற்றையும் எப்படியோ பொறுத்துக்கொண்டவருக்கு, அவன் தன்னைவிட நல்லவனாகவும் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.