ஆறு பேர் பலகை

இன்னும் பத்துப் பெட்டி. பத்து முடிகிறவரைக்கும் சும்மா இருங்கள். அப்புறம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்திருக்கலாம். வேம்பு இதை மனதுக்குள் தன் கால்களிடம் சொன்னாள். நாலாவது பெட்டி முடிவதற்குள் வலது கால் ஆடத் தொடங்கிவிட்டது.

திருவொற்றியூரில் அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கும் பெண்கள் ஆறு ஆறு பேராக ஒரு பலகையில் உட்காருவார்கள். மடியில் தட்டு. தட்டில் தலைகளெல்லாம் ஒரே பக்கமாக இருக்கும்படி பரப்பிய குச்சிகள். ஒரு பிடி எடுத்தால் ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும்; கைக்கு அது பழகிவிடும். ஆனால் பலகை ஒன்றுதான். ஒருத்தி கால் ஆடினால் ஆறு மடியும் ஆடும், ஆறு தட்டிலும் குச்சிகள் புரண்டு தலைமாறிப் போகும்.

"இன்னாமே, ரயிலு கெளம்பிடுச்சா?" என்றாள் பக்கத்திலிருந்த ராஜாத்தி. "எண்ணூருக்கு ஒரு டிக்கெட்டு குடு."

எல்லோரும் சிரித்தார்கள். வேம்பும் சிரித்தாள். ஆனால் கோடி முனையில் இருந்தவள் சிரிப்பு முடிந்ததும், "தெனம் இதே பேஜாரா கீது. மேஸ்திரிகிட்ட சொல்லி வேற பலகைக்குத் தள்ளச் சொல்லுங்க" என்றாள். வேறு பலகையில் யாரும் வேம்புவைச் சேர்க்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்தபடி காலாட்டினால் வீடு உருப்படாது என்று சின்ன வயதில் தொடையில் அடிவாங்கி வளர்ந்தவர்கள்தான் அங்கே அத்தனை பேரும்.

காலில் வலி இல்லை. அரிப்பும் இல்லை. எலும்புக்குள்ளே எறும்பு ஊர்வது போல என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள், அதுவும் சரியில்லை. நடந்தால் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்தால், அதுவும் வெயில் சாய்ந்த பிறகு உட்கார்ந்தால், அது வந்துவிடும். பிடித்துவைத்தால் நெஞ்சுவரைக்கும் ஏறும். ஆட்டினால் ஒரு கணம் விடும்.

"புருசன் ரங்கூன்ல. மனசும் அங்கதான். அதான் காலு கப்பலேறு கப்பலேறுன்னு சொல்லிகினு கீது" என்றாள் ராஜாத்தி.

"புருசங்கிட்ட ஓடுற காலா, வேற எங்கனா ஓடுற காலா, யாரு கண்டா?" என்றாள் கோடி முனைக்காரி.

வேம்பு அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சோறு வடிக்கும்போது தன் மனதை ஒழுங்காகத் தேடிப் பார்த்தாள், பெட்டியைக் கவிழ்த்துத் தேடுவது போல. வேறு ஆண் யாருமில்லை. அது உடனே தெரிந்துவிட்டது. ஆனால் புருஷன் வேலப்பனும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் அவன் ரங்கூன் துறைமுக வேலைக்குக் கப்பலேறியபோது மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் பாயை அறையின் நடுவில் விரித்துப் படுத்தாள். அந்த இடம் முழுதும் தனக்கு என்றிருந்தது நன்றாக இருந்தது. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இதுதான் காலில் வந்து ஆடுகிறதா? அப்படியானால் நிம்மதி எதற்காக ஆட வேண்டும்?

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கால் ஆடத் தொடங்கியது அவன் போவதற்கு முன்பே. ஆறாம் மாதத்தில் குழந்தை கலைந்து, துணி துணியாக ரத்தம் போன பிறகு. ராயபுரத்துப் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "உடம்பில் ரத்தமே இல்லை, இரும்பு மருந்து மாதக்கணக்கில் குடிக்க வேண்டும்" என்றாள். பல்லைக் கறுக்கவைக்கிற மருந்து. இரண்டு வாரம் குடித்தாள். கால் அப்படியேதான் இருந்தது. அதற்குள் இந்த வேலை கிடைத்தது. மருந்து கொடுக்கிற நேரமும் கம்பெனி நேரமும் ஒன்று. விட்டுவிட்டாள்.

மேஸ்திரி நீலமேகம் கெட்டவரல்ல. அவளைக் கம்பவுண்டர் கஸ்பாரிடம் அனுப்பினார். கம்பெனியில் கை சுட்டவர்களுக்குக் கட்டுப்போடுகிறவர் அவர்.

"நரம்புக் கோளாறும்மா" என்றார் கஸ்பார். காலைப் பார்க்கக்கூட இல்லை. "பொம்பளைங்களுக்கு வர்றதுதான். இத காலைல ஒரு அவுன்ஸு, மத்தியானம் ஒரு அவுன்ஸு. என் எதிர்லயே குடிக்கணும்."

உப்புக்கரித்த தண்ணீர். மூன்றாம் நாள் கால் அடங்கியது. பலகை மரமாக நின்றது. ராஜாத்தி அவளுக்குக் கடலை உருண்டை வாங்கிக்கொடுத்தாள். வேம்புக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷம் பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தது. சாப்பிட்டது நினைவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் பிற்பகல் கண் சொருகிற்று. கை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தது. பாதிக் குச்சி தலைமாறிப்போன ஒரு பெட்டி சரியாக மூடவில்லை. ஒரு தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடையில் போட்டபோது பக்கத்துப் பெட்டியின் மேல் உரசியது. குப்பென்று கூடை பற்றிக்கொண்டது. மணல் வாளியைக் கொட்டி அணைத்தார்கள். ராஜாத்தியின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

"மருந்து தூக்கம் குடுக்குது மேஸ்திரி. அதான்" என்றாள் வேம்பு. "வாராவாரம் திங்கக்கெழம அரை நாள் விட்டா ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்க வேற மருந்து கீது."

"வாரா வாரம் அரை நாளா? கம்பெனி துரை என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு." நீலமேகத்துக்கு வியர்த்திருந்தது. "தா பாரு, மருந்து குடிச்சா தூங்குற. குடிக்காட்டி ஆட்டுற. தூக்க மருந்துல அடங்குதுன்னா அது நெசமான நோவு இல்ல, மனசுதான். மனசுன்னா அத்த நீதான் அடக்கணும்."

மறுநாள் வேலை முடிந்ததும் ஐந்து பெண்களும் சேர்ந்து ஒரு முடிவு சொன்னார்கள். மருந்து வேண்டாம். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யட்டும்: மனதில் புருஷனைத் தவிர யாருமில்லை, இனிமேல் பலகையில் கால் ஆடாது. செய்தால் இருக்கலாம். நீலமேகமும் ஒப்புக்கொண்டார், அவருக்கு இதைவிட எளிதான வழி தெரியவில்லை.

கம்பெனிக்குள் சூடம் கொளுத்த முடியாது. வாசலுக்கு வெளியே போனார்கள். அங்கே போனபிறகுதான் யாரிடமும் நெருப்பு இல்லை என்பது தெரிந்தது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் தீப்பெட்டி அடுக்கியவர்கள். ஆனால் வாசலில் மடியைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள், ஒரு குச்சிகூட எடுத்துவர முடியாது. கோடி முனைக்காரி எதிரே இருந்த வெற்றிலைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்க ஓடினாள். ராஜாத்திக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

காத்திருந்த நேரத்தில் வேம்பு யோசித்தாள். பொய்ச் சத்தியத்துக்குப் பயமில்லை. வேறு யாருமில்லை என்பது உண்மைதான். அதைச் சொல்லும்போது அதற்குள்ளேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, மனதில் வேலப்பன் இருக்கிறான் என்று. இத்தனை நாள் எல்லோரும் அவளுக்குள் ஒரு ரகசியம் தேடினார்கள். இருந்த ஒன்றை அவர்கள் தேடவே இல்லை. அது இருக்கட்டும். கால்? அது மனதின் பேச்சைக் கேட்கிறதா, ரத்தத்தின் பேச்சைக் கேட்கிறதா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. தன் பேச்சைக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

வெற்றிலைமேல் சூடம் எரிந்தது. கடற்காற்றுக்கு ராஜாத்தி கட்டுப்போட்ட கையால் மறைப்புக் கொடுத்தாள்.

"வாமே, கைய வை. ரெண்டு வார்த்தை, அவ்ளோதான்" என்றாள். குரலில் கெஞ்சல் இருந்தது. "நீ போய்ட்டா எனக்கும் கஸ்டமா இருக்கும்."

"வக்கலன்னா நாளைக்கு உள்ள வுட மாட்டேன் வேம்பு. அப்புறம் என்னைச் சொல்லாத" என்றார் நீலமேகம்.

வேம்பு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆடுமா ஆடாதான்னு எனக்கே தெரியாது மேஸ்திரி" என்றாள். "ராயபுரத்துல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"கைய வைமே, சூடம் அணையப்போவுது!" என்றாள் ராஜாத்தி.

"அணையட்டும்க்கா" என்றாள் வேம்பு.