நிவெஸுக்கு நான் கொடுத்த குரல்

டைரக்டர் மாஸ்ட்ரோ கொர்ராதோகூட முக்குக் கடையில காபி குடிச்சுட்டு டப்பிங் ஸ்டூடியோவுக்குள்ள நுழைஞ்சா, அங்கே நிவெஸ் உட்கார்ந்திருக்கா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. இத்தனை வருஷமா அவ நடிச்ச படத்துக்கெல்லாம் குரல் நான்தான். ஆனா நேர்ல பார்த்ததே கிடையாது. இத்தாலி முழுக்க அவ உடம்பும் தெரியும், என் குரலும் தெரியும். ரெண்டும் ஒருத்தியோடதுன்னே ஜனங்க நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

"இவளை யாருடா கூப்பிட்டது?"ன்னு மாஸ்ட்ரோ, சவுண்ட் எஞ்சினியர் துல்லியோ மேல எரிஞ்சு விழுந்தார். பாவம், அவனுக்கு என்ன தெரியும்!

"யாரும் கூப்பிடலை. நானாத்தான் வந்தேன்"னா நிவெஸ். அடேயப்பா, அது என்ன குரல்! வடக்கு மலைப்பக்கத்துப் பேச்சு, கரகரன்னு. "இந்தப் படத்துல குரலும் உன்னுதுதான்னு சொல்லித்தானே என்னை இந்த வயசுல துணியை அவுக்க வச்சீங்க?"

விஷயம் இதுதான். மாஸ்ட்ரோவுக்கு எண்பது தாண்டியாச்சு. கண்ணை மூடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு குறும்படம் எடுத்தார். ஒரு கட்டில், ஒரு வயசான பொம்பளை, அவ முதுகுல ஊர்ற ஒரு ஆம்பளைக் கை. அவ்வளவுதான் படம். தன் சொந்தக் குரலே திரையில கேட்கணும்னு நிவெஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா. இந்த மனுஷன் சரின்னு தலையாட்டி எடுத்து முடிச்சுட்டு, எனக்குப் போன் பண்ணியிருக்கார். எங்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடலை.

"படம் சாயங்காலம் விழாவுக்குப் போயாகணும், கண்ணு. ஜனங்க உன்னுதுன்னு நினைச்சிருக்கிற இந்த ஒர்னெல்லா குரலைக் கேட்கத்தான் வருவாங்க. உன் பேச்சுல மாட்டுக்கொட்டகை வாசனை அடிக்குது"ன்னார், என்னைக் கையால காட்டி.

அவ முகம் செத்துப்போச்சு. மெதுவா என் பக்கம் திரும்பினா.

"நீங்கதானா அது? என் புருஷன் சினிமாவுல என்னைப் பார்த்து மயங்கித்தான் கட்டிக்கிட்டான். முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் சிரிச்சுட்டான். அதுக்கப்புறம் அவன்கிட்ட நான் அதிகமாப் பேசினதில்லை."

எனக்கும் கோபம்தான் வந்தது. நான் என்ன திருடியா? கொடுத்த வேலையைச் செஞ்சேன். அதோட, சொல்றதுக்கென்ன, அந்த மைக்கை விட எனக்கு மனசே இல்லை. இப்பல்லாம் வேற யாரும் என்னைக் கூப்பிடுறதில்லை.

மைக் முன்னால போய் நின்னேன். பதிவு ஆரம்பிக்கிற சிவப்பு விளக்கு எரிஞ்சுது. திரையில அவ முதுகு, அந்தக் கை. படம் முழுக்க ஒரே ஒரு வசனம்தான்: அவ திரும்பி அவன்கிட்ட "என்னைப் பாரு"ன்னு சொல்லணும். வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

"தொண்டை சரியில்லை, மாஸ்ட்ரோ."

"இப்பதானேடி காபிக் கடையில ஊர்க்கதையெல்லாம் பேசினே?"

"இப்பத்தான் கெட்டுப்போச்சு. அவங்களையே பேச வைங்க."

கைத்தடியால தரையில ஓங்கித் தட்டினார். வேற வழி? நிவெஸ் மைக் முன்னால வந்து நின்னா. வாய் அசைஞ்சுது. காட்சி ஓடி முடிஞ்சுது, சத்தமே வரலை. துல்லியோ மறுபடி போட்டான். மறுபடியும் வெறும் காத்துதான் வந்தது.

"பார்த்தியா?"ன்னு ஸ்பீக்கர்ல சிரிச்சார் மாஸ்ட்ரோ. "உனக்கு உடம்புதான் பேசும், கண்ணு. அது போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

அடுத்த தடவை அவ திரையைப் பார்க்கலை. கண்ணாடி வழியா அவரையே பார்த்து, "என்னைப் பாரு"ன்னா.

கத்தலை, கொஞ்சவும் இல்லை. அவ உடம்பைப் பார்த்துப் பார்த்தே படமெடுத்துப் பேர் வாங்கின மனுஷன், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டார்.

"வாயசைவோட ஒத்துப்போகலை சார், அழிச்சுடட்டுமா?"ன்னான் துல்லியோ.

"தொட்டேன்னா கையை ஒடிச்சிடுவேன்"னார், நிமிராமலே.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. வயிறும் எரிஞ்சுது. இதே வார்த்தையை அவளுக்காக நான் எத்தனையோ படத்துல சொல்லியிருக்கேன். ஒரு ஆம்பளைகூடத் தலை குனிஞ்சதில்லை.