அம்றா இல்லாத பாடம்

ஜெனிஸ்டா நடத்திய மின்சுற்றுப் பாடம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அதுதான் பின்வரிசை வாங்கில் இருந்த ஸில்மியாவுக்கு உறுத்தியது. ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உட்படுத்தல் கல்விதான் அவளுடைய பாடம். அவளுடைய மாணவி ஜெனிஸ்டா, இரத்தோட்டைப் பாடசாலை ஒன்றில் கற்பித்தல் பயிற்சியில் இருந்தாள். தன் தரம் பத்து வகுப்பில் காது சரியாகக் கேட்காத அம்றா என்ற பிள்ளை இருப்பதாக அவளே முன்பு சொல்லியிருந்தாள்.

பாடம் முடிந்ததும் ஸில்மியா கேட்டாள்.

"அம்றா எங்க?"

ஜெனிஸ்டா டஸ்டரைக் கையில் உருட்டினாள்.

"லைப்ரரியில, மிஸ். நீங்க வாற அன்னிக்கு வகுப்பு நல்லா நடக்கணும்னு அதிபர் சேர் அனுப்பச் சொன்னாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"பயமா இருந்திச்சி, மிஸ்."

ஸில்மியா நேரே அதிபரின் அறைக்குப் போனாள். அவர் கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"அந்தப் பிள்ளையோட இன்னொரு தடவ பாடம் நடக்கணும், சேர்."

அதிபர் செபஸ்தியன் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க மாணவிக்கு நல்ல மார்க்ஸ் கிடைக்கட்டும்னுதான் செஞ்சேன், மேடம்."

"தெரியும். அடுத்த பாடவேளையத் தாங்க."

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் கொடுத்தார்.

இரண்டாம் தடவை எல்லாம் குழம்பியது. ஜெனிஸ்டா பழக்கதோஷத்தில் கரும்பலகையைப் பார்த்தபடியே விளக்கினாள். முன்வாங்கில் இருந்த அம்றா கையை உயர்த்தினாள்.

"மிஸ், அங்கிட்டுத் திரும்பிப் பேசினா எனக்கு வெளங்காது. வாயப் பாக்கணும்."

தன் குரல் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெனிஸ்டாவின் காதுமடல் சிவந்தது. அவள் வெண்கட்டியை வைத்துவிட்டு அம்றாவுக்கு எதிரே வந்து முதலிலிருந்து தொடங்கினாள். நடுவில் இரண்டு முறை மறந்து திரும்பினாள், இரண்டு முறையும் தானே பிடித்துக்கொண்டாள். பல்புகளைக் கையில் கொடுக்கும் முன்பே மணி அடித்துவிட்டது.

அம்றா எழுந்து நின்றாள்.

"போன கெழமையும் என்னய லைப்ரரிக்குத்தான் அனுப்பினீங்க, மிஸ். அந்தப் பாடத்தையும் சொல்லித் தாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கு இன்டர்வலுக்கு வாங்க, சொல்லித் தாறேன்," என்றாள் ஜெனிஸ்டா.

வெளியே தாழ்வாரத்தில் அவள் குரல் உடைந்தது.

"முதல் பாடத்துக்கே மார்க்ஸ் போடுங்க, மிஸ். இது பாதியில நின்னுருச்சி."

"அது பாடமே இல்ல, ஜெனிஸ்டா. இதுக்குத்தான் போட்டிருக்கேன். கூடின மார்க்ஸ் இல்ல, ஆனா பாஸ். அடுத்த மாசம் திரும்ப வருவேன்."

ஜெனிஸ்டா தலையாட்டினாள். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

மாத்தளை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் ஸில்மியாவால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. இந்த வருடம் எத்தனை வகுப்புகளின் பின்வாங்கில் இருந்து, எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறாள்! பலாபத்வலயில் இன்னொரு பயிற்சி மாணவன் றினோஸின் வகுப்பு, யட்டவத்தயில் பஸ்லாவின் வகுப்பு. இரண்டுக்கும் உயர்ந்த புள்ளிகள். அந்த வகுப்புகளிலிருந்து யாரை எங்கே அனுப்பியிருந்தார்கள்? அவள் கேட்டதே இல்லை.

போனை எடுத்து றினோஸை அழைத்தாள்.

"நாளைக்கு உங்க வகுப்புக்கு வாறேன்."

"நாளைக்கா? அதிபருக்குச் சொல்லிர்றேன், மிஸ்."

"வேணாம். யாருக்கும் சொல்லாதீங்க. வகுப்பு எப்பவும் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கட்டும்."

மறுமுனையில் றினோஸ் மெதுவாகச் சொன்னான்.

"அப்ப வகுப்புல ரெண்டு பேர் கூடுதலா இருப்பாங்க, மிஸ்."