நோன்பு அட்டையில் ஒரு நிமிடம்

ரம்ஜான் மாதம் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது பார்த்துத்தான் ஷரஃபுதீனின் அச்சகக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. கல்யாணப் பத்திரிகை டிசைன்களெல்லாம் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சுற்றுவட்டாரத்துக்கு அவர் வருஷா வருஷம் இலவசமாக அடித்துக் கொடுக்கும் நோன்பு நேர அட்டை, அந்தக் கிழட்டுப் பெட்டியில் ஓடிய புரோகிராமிலிருந்துதான் வரும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், விடிகாலைச் சாப்பாடான சஹர் எப்போது முடிகிறது, நோன்பு எப்போது திறக்கலாம் என்று மாதம் முழுவதற்கும் கணக்குப் போட்டுத் துப்பும். கல்யாணமான வருஷம், டிப்ளமோ படித்த தெம்பில் அவரே எழுதியது. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்வார்.

"உன் லேப்டாப்புல ஓட்டிப் பாத்தேன், சிவப்பா இன்னாவோ கத்துது. நீதான் பாக்கணும். சாயங்காலம் மெஷின்ல ஏத்தணும்" என்று புரோகிராமின் நகல் இருந்த பென்டிரைவை மனைவி ஷாகிராவிடம் நீட்டிவிட்டு அச்சகத்துக்குக் கிளம்பினார்.

ஷாகிரா அடையாறில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. கட்டியவரை மட்டும் இதுவரை விட்டுவைத்திருந்தாள்.

புரோகிராம் பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பில் எழுதியது, லேப்டாப்பில் இருந்ததோ புதியது. சம்பந்திகள் மாதிரி எதற்கெடுத்தாலும் தகராறு. அச்சிடச் சொன்ன இடத்திலெல்லாம் அடைப்புக்குறி வேண்டும் என்றது புதியது. போட்டாள். இந்தச் சொல்லையே நான் கேள்விப்பட்டதில்லை என்றது. மாற்றினாள். துணைக்கு இருந்த லைப்ரரி, அதாவது ஆயத்தக் கணக்குகளின் தொகுப்பு, பேர் மாறிப்போயிருந்தது. அதையும் தேடிப் பிடித்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் சிவப்பெல்லாம் அடங்கி, நேரங்கள் வரிசையாக வந்து நின்றன.

வேறு யாராவது என்றால் அத்தோடு மூடியிருப்பார்கள். டெஸ்டர் புத்தி விடுமா? பழைய பைத்தானையும் ஒரு மூலையில் நிறுவி, கைவைக்காத புரோகிராமை அதில் ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டாள். பெரும்பாலான நாட்களில் பழையது ஒரு நிமிடம் முந்தி நின்றது.

தன் கைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று தேடினாள். ஒரே ஒரு வகுத்தல். இந்திய நேரத்துக்கும் சென்னைச் சூரியனுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வரி கணக்கிட்டது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பழைய பைத்தான் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும், புதியது வைத்துக்கொள்ளும். வகுத்தல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டால் புதியதும் பழையபடியே நடந்துகொள்ளும். போட்டாள். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின.

நிம்மதி வரவில்லை. பொருந்துகிறது சரி, எது உண்மை? பேப்பரில் கையால் வகுத்துப் பார்த்தாள். ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழையது அதை எட்டு என்று வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாகச் சூரியன் இருக்கும்போதே நோன்பைத் திறக்கச் சொல்லியிருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

தான் போட்ட அந்த இரண்டாவது கோட்டை அப்படியே விட்டுவைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பதே இந்த அட்டைதான். ஷாகிரா வெகு நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள்.

அச்சகத்தில் அட்டைக்காக மோதினார் ஜவஹர் பாய் காத்திருந்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர் அவர்தான். அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. ஷாகிரா சொல்லச் சொல்ல ஷரஃபுதீனின் முகம் வெளுத்தது.

"தெரு மொத்தத்தோட நோன்பையும் கெடுத்துட்டனா?"

"அட, நீ ஒண்ணு நைனா" என்றார் ஜவஹர் பாய். "அட்டைல இருக்கறதுக்கு மேல ரெண்டு நிமிஷம் உட்டுத்தான் நான் பாங்கு சொல்றது. பேணுதலுக்கு, ஒரு எச்சரிக்கைக்கு. இங்க எவன் அட்டையப் பாத்துத் தொறக்கறான்? பாங்கு காதுல உழுந்தாத்தான் பேரீச்சம்பழமே வாய்க்குப் போவும்."

ஷரஃபுதீனுக்கு உயிர் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆவல." ஜவஹர் பாய் அட்டைக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஷாகிராவின் ஆபீஸில் எட்டாவது மாடி, திறக்காத கண்ணாடி ஜன்னல், பாங்கு எங்கே கேட்கப்போகிறது? மானிட்டருக்குக் கீழே அட்டையை ஒட்டிவைத்திருப்பாள். நேரமானதும் தாமதிக்காமல் திறப்பதுதான் நன்மை என்று, கையில் பழத்தோடு காத்திருந்து அந்த நிமிடமே வாயில் போட்டுக்கொள்வாள். "உன் ஃபோன்ல பாங்கு இன்னும் அடிக்கலியே?" என்று பக்கத்து சீட் மாளவிகா ஒருமுறை கேட்டாள். எங்க வீட்டுக்காரர் கணக்கு ஃபோனைவிடக் கரெக்ட் என்று சிரித்தாள் ஷாகிரா. இப்போது அது நினைவுக்கு வர, தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா, ஒரு மாதிரி கீற?" என்ற ஷரஃபுதீன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். புரிந்துவிட்டது. காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல..."

"ஆமாங்க. அட்டையப் பாத்துத்தான்."

"எல்லா வருஷமுமா?"

அவள் தலையசைத்தாள். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. அவரை நம்பியது தப்பு என்று நினைக்கத்தான் அவளால் முடியவில்லை. அழுகைதான் வந்தது.

"களா வைக்கணும். பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறேன். ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே தெரியுது, விட்ட நோன்பு மாதிரி ஒவ்வொண்ணா திருப்பி வைக்கணும்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நானும் வைக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு? நீங்க பாங்கு கேட்டுத்தான தொறந்தீங்க? உங்க நோன்பு சரியாத்தான் கீது."

"இருக்கட்டும். நீ எத்தினி வைக்கறியோ அத்தினியும் நானும் வைக்கறேன். நீ தனியா உக்காந்து தொறந்ததெல்லாம் போதும்."

ஷாகிரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சஹருக்கு நீங்கதான் எழுந்து சமைக்கணும்" என்றாள்.

"சமைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, புதிய அட்டையை அச்சு மெஷினில் ஏற்ற எழுந்தார்.