இடப்பக்கம் போகும் வகுப்பு

முதலில் புறப்பட்ட பேங்க்கம்மா நீச்சல் குளத்தில் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை, இடப்பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டார். பயம் என்று நினைத்துக் கோச்சக்கா அடுத்தவரை அனுப்பினாள். டெய்லரம்மாவும் இடப்பக்கம்தான். மூன்றாவது ஆளும் அப்படியே. எட்டாவது ஆளும் அதே சுவரைக் கட்டிப்பிடித்து இருமியபோது, கரையில் நின்றிருந்த கோச்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய எட்டுப் பெண்களுக்கான வகுப்பு அது. நாலு வாரமாக மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் அடித்தார்கள். கைவீச்சைக் கரையில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தாள் கோச்சக்கா. முழுக்கை ஜாக்கெட், மெல்லிய கையுறை, கழுத்துவரை ஜிப். தொட்டுத் திருத்த வேண்டிய இடத்திலும் ஒரு பிரம்பால் சுட்டிக்காட்டுவதோடு சரி. இன்றுதான் காலோடு கையையும் சேர்த்து நீந்தச் சொன்னாள்.

அந்த ஜாக்கெட்டுக்குள் இருப்பது என்ன வியாதி என்று வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். முழங்கையிலும் முதுகிலும் தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும். மூட்டுகள் வீங்கும். விடிந்து ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காது. இடது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணி அப்படியே நின்றுவிட்டது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடுவாள். தாங்க முடியாதது வேறொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் வேலை பார்த்த குளத்தில் ஒருவர் அவள் முழங்கையைப் பார்த்துவிட்டு, தண்ணீரை மாற்றினால்தான் தன் பிள்ளைகள் இறங்குவார்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். நீச்சலில் மூன்று பதக்கம் வாங்கியவள், துண்டைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினாள். அதன்பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை.

தண்ணீரை மட்டுமா விட்டாள்? அக்காவின் போனை எடுப்பதில்லை. கூட்டம் கூடும் இடத்துக்குப் போவதில்லை. காலையில் குளியலறையைத் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பாள். அழுகைகூட வராது. இந்த உடம்போடு இன்னும் எத்தனை வருஷம் என்ற ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். "மனசு எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால், "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். இன்று காலை அவளுடைய ஜிப்பை மேலே இழுத்துவிட்டபடி வீட்டுக்காரர் கேட்டார்.

"தண்ணில எறங்கினா மூட்டுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"நான் சொல்லிக்குடுக்கறவ. எறங்கியே ஆகணும்னு சட்டமா?"

அவர் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டார். அவளுடைய வீம்பு அவருக்குத் தெரியாததா?

குளத்துக்குள் எட்டுப் பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க, கையை மட்டும் ஒரு தடவ வீசிக் காட்டுங்க" என்றாள் கோச்சக்கா.

வீசினார்கள். வலது கைகள் சுத்தமாக நீண்டன. இடது கைகள் எட்டும் மணிக்கட்டில் கோணிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளாமல் நழுவவிட்டன. வலது கை மட்டும் தள்ளினால் உடம்பு இடப்பக்கம்தானே திரும்பும்? பேங்க்கம்மா மோதிர விரலைக்கூடக் கோச்சக்காவைப் போலவே விறைப்பாகத் தூக்கி வைத்திருந்தார். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கற்ற பெண்கள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தன் நோயை எட்டு உடம்புகளில் பார்த்ததும் கோச்சக்கா தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

டெய்லரம்மா படியேறத் தொடங்கினார். "இந்த வயசுல நமக்கு இதெல்லாம் தேவையா? நாளையிலேர்ந்து நான் வரல கோச்சக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

இன்னும் இருவர் அவர் பின்னால் நகர்ந்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தங்களுக்குத்தான் துப்பில்லை என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரகசியம் ரகசியமாகவே இருக்கும். அந்த யோசனை வந்த வேகத்தில் கோச்சக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"நில்லுங்க. தப்பு உங்க மேல இல்ல."

கையுறைகளைக் கழற்றினாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. மடங்காத விரல்களோடு அதனிடம் மல்லுக்கட்டி, கடைசியில் ஜாக்கெட்டைத் தலைவழியாக உருவி எறிந்தாள். உள்ளே கையில்லாத நீச்சலுடை. சிவந்த திட்டுகளோடு தோளும் கையும் வெளிச்சத்தில் நின்றன. படியேறிய மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது என் வியாதி. மூட்டையும் தோலையும் சேர்த்துப் பிடிக்கும். இந்தக் கை இதுக்கு மேல நிமிராது. நீங்க இதப் பார்த்துக் கத்துக்கிட்டீங்க. சொல்லாம விட்டது என் தப்பு."

"ஒட்டுமா?" பேங்க்கம்மாதான் கேட்டார்.

"வியாதி ஒட்டாது. கைக் கோணல்தான் எட்டுப் பேருக்கும் ஒட்டிக்கிச்சு!"

டெய்லரம்மா முதலில் சிரித்தார். சிரிப்பு பரவியது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். கோச்சக்கா அந்த முதுகு மறையும்வரை பார்த்தாள். வலித்தது. ஆனால் இந்தமுறை வெளியே போனது அவளல்ல.

"அப்போ நீங்க நீந்தினாலும் சுவர்லதான் முட்டுவீங்களா?" என்றார் டெய்லரம்மா.

அது போதுமே! கோச்சக்கா கைப்பிடியைப் பற்றி இறங்கி, சுவரை உதைத்துக் கிளம்பினாள். பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. தோள்மூட்டு நெருப்பாக எரிந்தது. வலது கையைக் கொஞ்சம் அடக்கினாள், இடது தோளைக் கூடுதலாகச் சுழற்றினாள், மீதியைக் கால்கள் பார்த்துக்கொண்டன. குளத்தின் அடித்தரையில் வரைந்திருந்த கறுப்புக் கோடு மூக்குக்கு நேர் கீழே ஓடியது. போகும்போதும் திரும்பும்போதும் ஒரு சாண்கூட விலகவில்லை. அதை அவள் தன் பதக்கங்களுக்கு மேலாக மதித்தாள்.

தலையை வெளியே தூக்கியபோது ஏழு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்னால நிமித்திக் காட்ட முடியாது. உங்க கையக் குடுங்க, நான் நிமித்தி விடறேன்."

பேங்க்கம்மா ஒரு கணம் அவளுடைய விரல்களைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். கோச்சக்கா வெறுங்கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, தண்ணீருக்கடியில் மெல்ல நேராக்கினாள்.

"எனக்கு எப்போ?" என்று டெய்லரம்மா பேங்க்கம்மாவை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற இடது கைகளும் தண்ணீருக்கு மேலே நீண்டு நின்றன, எல்லாம் கோணலாக.