சிவப்பு நூல் கட்டியிருந்த குழாய்

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று, வாஷிங் மெஷினை நகர்த்தி அடியைத் துடைத்தார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னாலிருந்த இரண்டு சாம்பல் நிறக் குழாய்களில் ஒன்றில் ஏதோ சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அழுக்கு என்று கத்தரித்து எறிந்துவிட்டு, குழாய்களைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

பிறகு, அவளை அழைத்துவரும் நாளில் போட்டுவிட வேண்டிய கம்பளி ஸ்வெட்டரை உள்ளே போட்டு, மெஷினின் குமிழைப் பச்சைத் தண்ணீரில் வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தது ஆறு மாதக் குழந்தைக்கே இறுக்கும்.

வீட்டில் அவருக்கு 'இன்ஜினியர்' என்று பேர். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் கடிதம் பிரித்தவர். பட்டம் மனைவி கொடுத்தது, அவர் கைபட்ட மிக்ஸி புகைந்த நாளில்.

குமிழை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். தண்ணீரில் கைவைத்துச் சுட்டுக்கொண்டார். அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுக்க மகள் வந்தபோது, விரலை ஊதிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா இது, பொம்மைக்குத் தச்சதா?"

"சிரிக்காதே. மெஷின்ல சென்சார் போச்சு. பச்சைத் தண்ணில வச்சா கொதிக்குது."

"சுடுதண்ணில வச்சா?"

அதை மட்டும் அவர் பார்க்கவில்லை. மகள் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று வந்தது.

"இன்ஜினியர் சார், பைப்பை மாத்தி மாட்டியிருக்கீங்க. சுடுதண்ணி பைப்புக்கு அடையாளமா அம்மா நூல் கட்டியிருந்தாங்களே, எங்கே?"

"குப்பைல."

அவள் சுவரில் தண்ணீரை அடைத்துவிட்டு, ஸ்பேனரோடு குந்தி உட்கார்ந்து இரண்டு குழாய்களையும் கழற்றி மாற்றி மாட்டினாள். அவர் வாளி பிடித்தார்.

"வேற ஸ்வெட்டர் வாங்கிடலாம். டிஸ்சார்ஜ் எப்போ?"

"வாளியைக் கிட்ட வைங்கப்பா."

"வர்ற வாரமா?"

"தண்ணி சிந்துது பாருங்க."

நாலு நாளாக இதே கதைதான். டாக்டரைக் கேட்டால் 'பார்க்கலாம்'. நர்ஸைக் கேட்டால் 'டாக்டரைக் கேளுங்க'. மகளைக் கேட்டால் 'சாப்பிட்டீங்களா?' மனைவியையே கேட்டதற்கு, "ஏன், சமைக்க ஆளில்லையோ?" என்று சிரித்தாள். அவரும் அசடு வழிந்துவிட்டு வந்தார்.

மகள் பச்சைத் தண்ணீரில் வைத்து மெஷினை ஓடவிட்டாள். அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். குளிர்ந்தது.

"சரியாப் போச்சு" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதைச் சொல்லும்மா. எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம்?"

அவள் திரும்பினாள்.

"கூட்டிட்டு வரப்போறதில்லைப்பா. எந்த மருந்துக்கும் கேட்கலை. இன்னும் பத்து நாள் தாங்கினா பெரிசுன்னு செவ்வாய்க்கிழமையே டாக்டர் சொல்லிட்டார். அம்மாவுக்கும் தெரியும். உங்ககிட்டதான் யாரும் சொல்லலை."